மாப்பிள்ளை கூப்பிடுகிறார், ஏரிக்கு மீன் பிடிக்க!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் என் கிளினிக்கில் ஒரு தனிக் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். ஒரு கையில் மருந்துச் சீட்டு, இன்னொரு கையில் விமான டிக்கெட்! "பொண்ணுக்கு மார்ச்ல டெலிவரி, டாக்டர். ஜனவரியிலேயே கிளம்பறோம். ஆறு மாசத்துக்கு மருந்து கொடுத்துடுங்க" என்பார்கள். பிரசவ லேகியம், சுக்குப்பொடி, தைலம் என்று பொட்டலம் கட்டுவதில் அம்மாக்கள் மும்முரமாக இருப்பார்கள். அப்பாக்கள்தான் பாவம். அங்கே போய்ப் பொழுதை எப்படித் தள்ளுவது என்ற கவலை இப்போதே முகத்தில் தெரியும்.

போன வருஷம் டல்லாஸ் கிளம்பிய ஓய்வுபெற்ற பாங்க் ஆபீசர் ஒருவர் கேட்ட கேள்வி எனக்கே புதுசு. "சனி, ஞாயிறுல ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மாப்பிள்ளை சொல்றார், டாக்டர். போட்ல போய் 'பாஸ்' மீன் பிடிக்கணுமாம். குளிர் அதிகமில்லையாம், நம்ம கொடைக்கானல் மாதிரிதானாம். எனக்கோ ஷுகர், பி.பி. ரெண்டும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்கவும் மாத்திரை போடறேன். போகலாமா, கூடாதா?"

பக்கத்திலிருந்த அம்மா விடவில்லை. "பிடிச்ச மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தா, பொண்ணுக்குக் குழம்பு வெச்சுக் கொடுக்கலாம் இல்லையா? வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு ஃப்ரெஷ் மீன் நல்லதுதானே, டாக்டர்?"

ஐயாவிடம் "தாராளமாகப் போங்க, ஆனா நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றேன். அம்மாவிடம் மட்டும் "கொஞ்சம் பொறுங்க" என்றேன். இரண்டு பதிலுக்கும் காரணம் இருக்கிறது.

அது என்ன பாஸ்?

நம் ஊர் கடைகளில் கொடுவாவை 'சீ பாஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, அது வேறு. இது நல்ல தண்ணீர் மீன். வாய் பெரிசு, அதனால் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்று பெயர். குணத்தைக் கேட்டால் நம் விரால்தான்! பாசி, செடி, மூழ்கிய மரம் இவற்றின் மறைவில் பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் சின்ன மீனையோ தவளையையோ 'லபக்'கென்று விழுங்கும். குஞ்சுகளை ஆண் மீன் காவல் காக்கும். இரண்டும் ஒரே குடும்பம் இல்லை என்றாலும் தூண்டில்காரனுக்கு இரண்டுமே ஒரே மாதிரி சவால்.

டல்லாஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தூரத்தில் 'லேக் ஃபோர்க்' என்று ஓர் ஏரி. 1980-ல் அணை கட்டி உண்டாக்கியது. சுமார் 27,000 ஏக்கர்! தண்ணீரைத் தேக்கும்போது மரங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். மொட்டை மரங்கள் தண்ணீருக்கு மேல் நிற்கும், பாதி மரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நிற்கும். பாஸுக்கு அதுதான் சொர்க்கம். டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை பாஸ் மீன் 1992 ஜனவரியில், நல்ல குளிர்காலத்தில், இங்கேதான் பிடிபட்டது. எடை 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ. பிடித்த பாரி செயின்ட் கிளேர் அன்றைக்குத் தேடிப் போனது வேறு சின்ன ரக மீனைத்தானாம். அதிர்ஷ்டம் என்றால் அப்படி!

குளிர்காலத்தில் மீனுக்கு 'அக்கினி மந்தம்'. பனிக்காலத்தில் நமக்குப் பசி கூடும், மீனுக்கோ நேர் எதிர். அதன் உடம்பு தண்ணீரின் குளிர்ச்சியோடு சேர்ந்தே குளிர்ந்துவிடும், செரிமானம் மெதுவாகிவிடும். எனவே ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இதமான வெயில் அடித்தால் மத்தியானத்துக்கு மேல் சற்று ஆழம் குறைந்த பக்கம் எட்டிப் பார்க்கும். அப்போதும் தூண்டில் இரையை ஆடாமல் அசையாமல், மிக மெதுவாக இழுத்தால்தான் கவ்வும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டிய அவசியமே இல்லை. பி.பி. உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி. விடிகாலைக் குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். காலை உணவு, மாத்திரை எல்லாம் முடித்து, பத்து மணிக்குப் படகேறினால் போதும். மீனும் அப்போதுதான் தயாராக இருக்கும்.

மனசுக்கும் இது மருந்து. வீட்டுக்குள்ளேயே ஹீட்டர் சூட்டில், டி.வி. முன்னால் அடைந்து கிடக்கும் பெரியவர்கள் பலர் திரும்பி வரும்போது தூக்கமில்லை, பசியில்லை, மலச்சிக்கல் என்று புலம்புகிறார்கள். வெயில் படுவதும், கண் தூரத்தைப் பார்ப்பதும், மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேசுவதும் எந்த லேகியத்துக்கும் குறைந்ததல்ல.

காற்று கொடைக்கானல், தண்ணீர் வேறு!

ஏமாற்றும் இடம் இதுதான். ஜனவரியில் அந்தப் பக்கம் சில நாள் பகலில் 20 டிகிரி வரை ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றலாம் போலிருக்கும். ஆனால் ஏரித் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அது பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே இருக்கும். கடுங்குளிர் நாளில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இதமான நாளில்தான் அலட்சியம் வரும். காற்றைப் பார்த்து உடுத்துகிறோம், விழுந்தால் விழப்போவது தண்ணீரில்.

அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிஷமே ஆபத்து. உடம்பு அதிர்ச்சியில் 'ஹக்'கென்று மூச்சை உள்ளே இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போகும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள். இதயத்தின் மேல் ஒரே நேரத்தில் பெரிய பாரம். அதைத் தாண்டினால், அடுத்த பத்து நிமிஷத்துக்குள் கை விரல்கள் விறைத்துக் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாமல் போகலாம். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும்.

ஆகவே லைஃப் ஜாக்கெட். படகில் கால் வைக்கும் முன் மாட்டி, கரையில் கால் வைத்தபின் கழற்ற வேண்டும். 'எனக்குத் தாமிரபரணியிலேயே நீச்சல் தெரியும்' என்று மார்தட்ட வேண்டாம். டெக்சாஸில் சின்னப் படகு ஓடும்போது 13 வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் ஜாக்கெட் போட்டே தீர வேண்டும் என்று சட்டம். பேரனுக்குச் சட்டம், தாத்தாவுக்குப் புத்தி! படகு ஓட்டுபவர் கீழே விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுபோக ஒரு கயிறு உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அதை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது அமெரிக்கா முழுக்கச் சட்டம். மாப்பிள்ளை மாட்டியிருக்கிறாரா என்று மாமனார் பார்க்கலாம், தப்பில்லை. அடியில் மரங்கள் நிற்கிற ஏரியில் படகு எதிலாவது முட்டினால், நின்றுகொண்டிருப்பவர் விழுவார். படகு நகரும்போது உட்கார்ந்தே இருங்கள்.

ஒருவர் விழுந்து கரையேற்றிவிட்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் உடனே கை காலைச் சூடு பறக்கத் தேய்ப்போம், தைலம் தடவுவோம். கூடவே கூடாது. நான் தைலம் தருகிற வைத்தியன்தான், இருந்தும் சொல்கிறேன். விறைத்த கை கால்களைத் தேய்த்தால் அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்கு ஓடி, துடிப்பைக் கெடுக்கலாம். ஈர உடையைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த கம்பளியால் மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுக்கலாம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் அது தேறுவதன் அடையாளமல்ல, மோசமாவதன் அடையாளம். 911-க்குப் போன் செய்யுங்கள்.

'குளிருக்கு ஒரே ஒரு பெக்' என்று யாராவது நீட்டுவார்கள். மது தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடேறுவது போலத் தெரியும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஃப்ளாஸ்க்கில் சுக்கு மல்லிக் காப்பி கொண்டு போங்கள். ஷுகர்காரர்கள் கருப்பட்டியை விட்டுவிடுங்கள்.

சொல்லக் கூச்சப்படும் ஒன்று

குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். படகில் பாத்ரூம் கிடையாது. என்ன செய்கிறார்கள் பெரியவர்கள்? காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அன்றைக்கு நீர் மாத்திரையையே விழுங்குவதில்லை! உடம்பு வறண்டு, தலை சுற்றி, எழுந்து நிற்கும்போது தடுமாறுவது இதனால்தான். படகில் தடுமாறினால் என்னவாகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு அழைப்பு. கூச்சத்தை விட்டு மாப்பிள்ளையிடம் "ரெண்டு மணிக்கு ஒரு தரம் கரைக்கு ஒதுங்கணும்" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். ப்ராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் படகே வேண்டாம், கரையிலிருந்தே தூண்டில் போடலாம். நீர் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று அதை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஷுகர்காரர்களுக்குக் கால்தான் கவலை. உணர்ச்சி குறைந்த பாதம் நனைந்து விறைத்தாலும் தெரியாது. இரண்டு ஜோடி காலுறை கையில் இருக்கட்டும். ஈரமானால் உடனே மாற்றுங்கள். விறைத்த காலை ஹீட்டர் பக்கத்தில் நீட்டிப் பொசுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஹீட்டர் என்றதும் இன்னொன்று. ஏரிக்கரைக் கூடாரத்திலோ, மூடிய அறையிலோ கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்து கரண்ட் போனபோது, வீட்டுக்குள் இவற்றை வைத்துக் குளிர்காய்ந்த பலர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் பாதிக்கப்பட்டார்கள். வாசனை இல்லாத வாயு அது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

முள் குத்தினால்...

பாஸ் தூண்டில்களில் சிலவற்றில் மூன்று முள் சேர்ந்தாற்போல இருக்கும். பின்னால் நிற்பவரைப் பார்க்காமல் வீசினால் மாமனார் காதில் மாட்டும்! கண்ணாடி, தொப்பி இரண்டும் அழகுக்கல்ல. முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கமாக ஒரு கொக்கி உண்டு. அப்படியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். நூலை வெட்டிவிட்டு, முள்ளை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போவதே நல்லது. கண்ணருகே என்றால் தொடவே வேண்டாம். மேலே ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள், சின்னக் காயமானாலும் சுத்தத் துணியால் விடாமல் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். ஏரித் தண்ணீரும் மீன் செதிலும் பட்ட காயத்தில் பிடிவாதமான கிருமிகள் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவுவதும், டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்று கணக்குப் பார்ப்பதும்தான் முதல் மருத்துவம். நாலு நாள் கழித்துச் சிவந்து வீங்கினால் 'மீன் குத்தியது' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். வைத்தியமே அதைப் பொறுத்துத்தான்.

நூலில் கோக்கும் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் பலருக்கு. ஈயம் விஷம். பேரக்குழந்தை கையிலும் கொடுக்க வேண்டாம்.

சரி, குழம்புக்கு வருவோம்

அந்த அம்மாவிடம் 'பொறுங்க' என்றேனே, காரணம் பாதரசம். நிலக்கரிப் புகையிலும் வேறு பல வழிகளிலும் காற்றில் கலக்கும் பாதரசம் மழையோடு ஏரியில் இறங்குகிறது. சேற்றிலுள்ள நுண்கிருமிகள் அதை மெத்தில் மெர்க்குரி என்ற கொடிய உருவுக்கு மாற்றுகின்றன. பாசியில் கொஞ்சம், பாசியைத் தின்னும் பூச்சியில் கூடுதல், பூச்சியைத் தின்னும் சின்ன மீனில் இன்னும் கூடுதல். இவை எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தின்று கொழுத்த பாஸில்..? மீன் எவ்வளவு பெரிசோ, எவ்வளவு கிழமோ, அவ்வளவு பாதரசம். கிழக்கு டெக்சாஸிலேயே காடோ ஏரியில் பாஸ் மீனை அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று மாநிலச் சுகாதாரத் துறை எச்சரித்திருக்கிறது. ஃப்ளோரிடாவில் 1989-லேயே இப்படி எச்சரிக்கை வந்துவிட்டது.

பெரியவர்கள் எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டால் உலகம் முழுகிவிடாது. ஆனால் மெத்தில் மெர்க்குரி நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகும். வளரும் மூளையைத்தான் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ல் வெளியே தெரிந்த கொடுமை இதுதான். ஆலைக் கழிவால் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்ட தாய்மார்களில் சிலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளோ பேச்சும் நடையும் இல்லாமல் கிடந்தன.

"மஞ்சள் போட்டு, புளி ஊத்தி நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடாதா?" ஊஹூம். இந்தப் பாதரசம் மீனின் சதையோடு பிணைந்திருப்பது. கழுவினாலும், வறுத்தாலும், தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும் போகாது. சித்த மருத்துவத்தில் 'சுத்தி முறை' என்று ஒன்று இருப்பதை வைத்து, அடுப்படியிலும் சுத்தி செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 'ரசம் சேர்ந்த மருந்து தருகிற நீங்களே இப்படிச் சொல்லலாமா?' என்று கேட்பீர்கள். கர்ப்பிணிக்கு அப்படி ஒரு மருந்தை நான் கொடுப்பதே இல்லை. பெட்டியில் பற்பம், செந்தூரம் என்று வாங்கி அடைத்துக்கொண்டு போய்ப் பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் கர்ப்பிணிக்கு மீனே கூடாதா? அதுவும் தப்பு. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் மீன் ரொம்ப நல்லது. அமெரிக்க அரசின் யோசனையே, பாதரசம் குறைந்த மீனாக வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது. மத்தி, நெத்திலி, சாலமன், கெளுத்தி, திலேப்பியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டில் பிடித்து வந்த ஏரி மீன் என்றால், அந்த ஏரிக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்தத் தகவலும் இல்லையென்றால் அந்த வாரம் ஒரே வேளை, 110 கிராம், வேறு மீன் கிடையாது. நான் அந்த அம்மாவிடம் இன்னும் கறாராகச் சொன்னேன்: பெண்ணுக்கு மத்தி வாங்குங்க, பாஸை மற்றவர்கள் சாப்பிடட்டும்.

இதைவிட முக்கியம் பிரசவத்துக்குப் பிறகு. பால் ஊற சுறாப்புட்டு கொடுக்காத அம்மா உண்டா நம் ஊரில்? நம் பாட்டிமார் வாங்கியது கரையோரம் கிடைக்கும் சின்னப் பால் சுறா. அங்கே கடையில் துண்டு போட்டு வைத்திருப்பது எந்தச் சுறா, எவ்வளவு பெரிசு என்று யாருக்குத் தெரியும்? கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அங்கே சொல்லும் பட்டியலில் சுறா இருக்கிறது. கிங் மேக்கரலும் இருக்கிறது. வஞ்சிரம் நினைப்பில் 'கிங் ஃபிஷ்' வாங்குகிறவர்கள் அது என்ன மீன் என்று கேட்டு வாங்குங்கள். பால் ஊற பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெந்தயம் இருக்கவே இருக்கிறது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய மருந்து.

லேக் ஃபோர்க்கில் 16 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒருவர் நாளைக்கு ஐந்துதான் வைத்துக்கொள்ளலாம், அதில் 24 அங்குலத்துக்கு மேல் ஒன்றே ஒன்று. மீன் வளத்துக்காகப் போட்ட விதி நம் வயிற்றுக்கும் தோதாக அமைந்துவிட்டது. சின்னதை மட்டும் எடுத்து வாருங்கள். பெரிசு மாட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு, கையை நனைத்துக்கொண்டு பிடித்து, மெதுவாக விட்டுவிடுங்கள். வறண்ட கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய் நோய் பிடிக்கும். பிடித்த மீனை விட்டுவிடும் வழக்கத்தை 1972-ல் பாஸ் போட்டிகளில் கொண்டுவந்தவர் ரே ஸ்காட். சைவ வீட்டுப் பெரியவர்கள்கூட இதனால் கொஞ்சம் நிம்மதியாகத் தூண்டிலைத் தொடலாம்! ஒரே தடவை தொட்டாலும் 17 வயதுக்கு மேற்பட்ட வெளியூர்க்காரருக்கு லைசென்ஸ் வேண்டும். ஒருநாள் லைசென்ஸ் கிடைக்கும், மாப்பிள்ளையை முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கொண்டு வரும் மீனைப் பிடித்தவுடன் ஐஸில் வைத்துவிட வேண்டும். குளிர்காலம்தானே என்று வெயிலில் போட்டு வைத்தால் கெட்டுவிடும். சதை வெள்ளையாக, அதிக வாடையில்லாமல் இருக்கும். புளியைக் குறைத்து, மிளகும் பூண்டும் தூக்கலாக வைத்தால் பனிக்காலத்துக்கு ஏற்றது. பழைய பத்தியப்படி அன்றைக்கு இலையில் தயிர் வேண்டாம்.